ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம்?

கேள்வி: மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. கைத்தொழில் பொறியியலில் இளமாணியையும் முதுமாணியையும் ஐந்தே வருடத்தில் முடிக்கலாமாமே? இங்கே முடியுமா?
– ஒரு தாய், சீனக்குடா

பதில்: நம் அரச பல்கலைக்கழகங்களில் பொறியியல் நான்கு வருடம், முதுமாணிக்குத் தனியாக விண்ணப்பிப்பதே வழமை. இத்துறைக்குப் பேராதனையில் தனிப் பிரிவே இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டது கரக்பூர் ஐ.ஐ.டி., அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் போன்ற இடங்களின் ஏற்பாடாக இருக்கலாம். பொதுவாக, இளமாணியின் கடைசிக் காலத்தில் படிக்கும் சில உயர்நிலைப் பாடங்கள் முதுமாணிக்கும் கணக்கில் சேரும். மிச்சமாகும் காலம் அதுதான்.

எனக்கென்னவோ இந்த அவசரத்தில் பெரிய பிடிப்பில்லை. உங்கள் ஊர் பிரிமா மாவாலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது என்று வையுங்கள். தானியத்தை இறக்கும் இயந்திரத்தின் வேகம், களஞ்சியத்தில் மிச்சமுள்ள இடம், வாசலில் லொறி வரிசை – இவற்றில் எது வேலையை இழுத்தடிக்கிறது? ஒப்பந்த நேரம் தாண்டினால் கப்பல்காரருக்குத் தாமதக் கட்டணம் வேறு. இந்தக் கணக்கைப் போடுவதுதான் கைத்தொழில் பொறியியல். நான்கு வருடம் படித்து, ஒரு வருடம் இப்படியோர் இடத்தில் வேலைபார்த்துவிட்டு முதுமாணிக்குப் போகட்டும். நல்ல இசட் புள்ளி எடுத்தால் பேராதனையில் கல்விக் கட்டணமும் இல்லை.