பாட்டிக்கு ஐந்து கட்டை

கிள்ளானில் நாங்கள் வெள்ளிக்கிழமை தேவாரம் பாடும் இடத்தில் நான்தான் கீபோர்டு. ஒருநாள் ஒரு பாட்டி பாட எழுந்தார். அதற்குமுன் பாடிய அண்ணனுக்கு ஒன்றரை கட்டை, பாட்டிக்கு ஐந்து. நான் பட்டனைத் தேடித் தேடி அமுக்குவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். என் சுருதி ஒரு பக்கம், அவர் குரல் ஒரு பக்கம். "பரவால்ல தம்பி, நீ வாசிக்க வேணாம்"னு சொல்லிட்டு, தாளம் மட்டும் வைத்துக்கொண்டு பாடி முடித்தார். அன்று இரவு கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

முதலில் கட்டைக் கணக்கு. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி. நான் எப்போதும் சி-யை சட்ஜமாக வைத்து வாசிப்பவன். பாட்டிக்கு டிரான்ஸ்போஸ் மைனஸ் 5 வைத்தால் போதும். பிளஸ் 7 வைத்தாலும் ஜி-தான் வரும், ஆனால் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும், குரலோடு ஒட்டாது. அண்ணனுக்கு பிளஸ் 1.

இதை ஒவ்வொரு முறையும் தேடாமல் இருக்கத்தான் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி. என் யமாஹாவில் நான்கு பட்டன், எட்டு பேங்க், மொத்தம் 32 இடம். ஒலி, டிரான்ஸ்போஸ், சத்தம் எல்லாவற்றையும் சரியாக வைத்துக்கொண்டு, மெமரி பட்டனைப் பிடித்தபடியே எண்ணை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். பாட்டி எழுந்தால் ஒரே அமுக்கு.

இன்னொரு விஷயம், சுருதி. கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே எப்போதும் 100 சென்ட். சட்ஜமத்திலிருந்து அந்தர காந்தாரம் 400. ஆனால் தம்புராவின் சட்ஜமத் தந்தியைக் கூர்ந்து கேளுங்கள், அதற்குள்ளேயே ஒரு காந்தாரம் ஒலிக்கும். அது 386. ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்ததற்கு இந்த மாதிரி குறைகளும் ஒரு காரணம். ஸ்கேல் டியூனிங் வசதி உள்ள கீபோர்டு என்றால், இ கட்டையை மட்டும் 14 சென்ட் இறக்குங்கள். பழம்பஞ்சுரத்தில், அதாவது சங்கராபரணத்தில், பெரிய வித்தியாசம் தெரியும். இந்தளப் பண்ணின் ரிஷபத்தையும் இப்படித் திருத்தப் பார்த்தேன். வீண் வேலை. அது அசைத்துப் பாடும் சுரம், ஒரு இடத்தில் நிற்காது.

இந்தத் திருத்தத்தையும் மெமரி பிடித்து வைக்குமா என்பது மாடலைப் பொறுத்தது. சேமித்தபின் கருவியை அணைத்துப் போட்டுப் பாருங்கள். டிரான்ஸ்போஸ் மாற்றினால் தம்புராவோடு மறுபடி ஒத்துப் பார்க்கவும் வேண்டும்.

இரண்டு மாதம் நிம்மதி. பிறகு ஒரு கல்யாண நிகழ்ச்சிக்கு யாரோ கீபோர்டை இரவல் வாங்கிப்போய், என் முதல் பேங்க் முழுக்க சினிமாப் பாட்டு ரிதம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பொதுக் கருவி. நான்தான் வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை.

இப்போது பென்டிரைவில் வைக்கிறேன். முதல்முறை செருகியதும் கீபோர்டிலேயே ஃபார்மட் செய்யச் சொல்லும். அது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும், அதனால் அசைன்மெண்ட் இருக்கும் பென்டிரைவைக் கொடுக்காதீர்கள். பிறகு யூசர் ஃபைலாக சேவ். திரும்ப ஏற்றும்போது கருவியில் இருக்கும் 32-ம் போய் உங்களுடையது வந்து உட்காரும். எனவே ஏற்றும் முன், அங்கே இருப்பதை வேறொரு பெயரில் சேமித்துவிடுங்கள். அந்தக் கல்யாணப் பாட்டுக்காரரும் நம்மைப் போலத்தானே ராத்திரி உட்கார்ந்து போட்டிருப்பார்.

என் பென்டிரைவில் இரண்டு ஃபைல், ஒன்று அவருடையது. கீபோர்டு ஓரத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன்: 1 அண்ணன், 2 பாட்டி, 3 சிறுவர் வகுப்பு. போன வாரம் பாட்டி எழுந்ததும் இரண்டை அமுக்கினேன். பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஏத்து தம்பி, இன்னிக்கு தொண்டை நல்லாருக்கு" என்றார். மைனஸ் 4-க்கு மாற்றி, நான்காம் பட்டனில் போட்டுவிட்டேன்.