தரிசு எனப்பட்ட நிலமும் கானமயிலின் நலிவும்

ஓர் உயிரினம் ஒரு நாட்டிலிருந்து மறைவதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது. ஆயினும் ஒவ்வோர் இனத்தின் வீழ்ச்சிக்கும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. அது இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. சிவிங்கிப்புலியின் அழிவில் வேட்டைக்குப் பெரும் பங்குண்டு. 1952-ஆம் ஆண்டில் அது இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. பிணந்தின்னிக் கழுகுகளை வீழ்த்தியது கால்நடைகளுக்கு வலி நீக்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து. அம்மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன. 2006-ல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்படுவதற்குள் அவற்றின் மிகப் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

கானமயிலின் கதை வேறு. அதற்கு நேர்ந்துள்ள இடர், அது வாழும் நிலத்திற்கு நாம் இட்டிருக்கும் பெயரிலிருந்தே பெரிதும் தொடங்குகிறது. புல்வெளியைத் ‘தரிசு’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டோம். தரிசு என்றால் பயனற்றது, பயனற்றது என்றால் மாற்றியமைக்கப்பட வேண்டியது என்னும் எண்ணம் பின்தொடர்ந்தது. வளர்ச்சித் திட்டங்களை வகுப்போரும் நிறைவேற்றுவோரும் இந்தப் பறவையின் நிலையை ஆராய்ந்து பார்ப்பது அக்காரணத்தாலேயே அவசியமாகிறது.

பறவையின் இயல்பு

பெயரில் மயில் இருப்பினும் கானமயில் மயிலினத்தைச் சேர்ந்ததன்று. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள இப்பறவை, பறக்கும் ஆற்றல் கொண்ட பறவைகளுள் மிகவும் எடை மிக்கவற்றுள் ஒன்று. வளர்ந்த சேவல் 15 கிலோ வரை எடையிருக்கும். வெட்டுக்கிளி, வண்டு, பல்லி, தானியம், இலந்தைப் பழம் முதலியவை அதன் உணவு. திறந்த வெளியில் நெடுந்தொலைவு நோக்கிப் பகையை அறிந்துகொள்வதே அதன் பாதுகாப்பு. எனவே அடர்ந்த காடு அதற்கு ஏற்றதன்று.

கானமயில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிட்டு ஏறக்குறைய நான்கு வாரங்கள் அடைகாக்கிறது. ஆடுமாடுகளின் குளம்பு, நாய், நரி, காக்கை ஆகிய எதனாலும் அந்த ஒரு முட்டை அழியக்கூடும். பல முட்டைகளிடும் காடைக்கும் கௌதாரிக்கும் ஓர் ஆண்டின் இழப்பை மறு ஆண்டில் ஈடுசெய்ய இயலும். கானமயிலுக்கு அது இயலாது. மெதுவாகப் பெருகும் இனத்தில் வளர்ந்த பறவைகள் சில மடிந்தாலும் மொத்த எண்ணிக்கை சரியத் தொடங்கிவிடும்.

வேட்டையும் சட்டமும்

பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரையிலும், குஜராத் முதல் ஒடிசா வரையிலும் வறண்ட சமவெளிகளில் ஒரு காலத்தில் இப்பறவை காணப்பட்டது. மன்னர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் இதனை விரும்பி வேட்டையாடினர். விடுதலைக்குப் பின்னர் ஜீப் வண்டிகள் வந்தது வேட்டையை எளிதாக்கியது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இதனையே தேசியப் பறவையாக்க வேண்டுமென்று பரிந்துரைத்தார். எனினும் 1963-ல் மயில் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கானமயிலை முதல் அட்டவணையில் சேர்த்து உயர்ந்த பாதுகாப்பை வழங்கியது. 1981-ல் இராஜஸ்தான் அரசு இதனைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது.

சட்டத்தினால் வேட்டை பெரிதும் குறைந்தது. எனினும் பறவையின் எண்ணிக்கை உயரவில்லை. 1969-ல் சுமார் 1,260 என மதிப்பிடப்பட்ட இப்பறவைகள் 2008-ல் ஏறக்குறைய 300 ஆயின. 2018-ல் சுமார் 150 மட்டுமே எஞ்சின. வேட்டை மட்டுமே காரணமாயிருப்பின், வேட்டை ஒடுங்கிய பின்னரும் இச்சரிவு தொடர்ந்திருக்காது.

நிலத்திற்கு இட்ட பெயர்

புலிக்குக் காடு இருக்கிறது. அக்காட்டிற்கு ஒரு துறையும், எல்லைக் கல்லும், காவலரும் உண்டு. கானமயிலின் புல்வெளியோ பெரும்பாலும் வருவாய்த் துறையின் புறம்போக்கு, ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம், மழையை நம்பிய புன்செய் ஆகியவற்றில் அடங்கியது. மரமில்லாத நிலம் வளமில்லாத நிலம் என்னும் கருத்து ஆங்கிலேயர் கால நிலவரி முறையிலிருந்து நமக்கு வந்தது. வரி தராத நிலத்தை அம்முறை வீண் நிலமாகவே கருதியது. 1985-ல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டபோது நோக்கம் நல்லதே. விறகும் தீவனமும் இன்றித் தவித்த கிராமங்களுக்கு அவற்றை அளிக்க வேண்டியிருந்தது. எனினும் உண்மையில் சீரழிந்த நிலமும் இயற்கையிலேயே புல்வெளியாக அமைந்த நிலமும் ஒரே சொல்லில் அடங்கியமையால், பல இடங்களில் புல்வெளிமீது மரக்கன்றுகள் நடப்பட்டன. கட்ச் பகுதியில் பரவிய சீமைக் கருவேலம் திறந்த வெளிகளைப் புதர்க்காடாக்கியதைக் காணலாம்.

பாசனமும் இவ்வாறே. 1958-ல் தொடங்கப்பட்டு இன்று இந்திரா காந்தி கால்வாய் எனப்படும் பெருந்திட்டம், மேற்கு இராஜஸ்தானின் பல இலட்சம் மக்களுக்குக் குடிநீரும் விளைச்சலும் அளித்துள்ளது. அதன் பயனை எவரும் மறுக்க இயலாது. அதே வேளையில், சேவண் என்னும் பாலைப்புல் செழித்த பரந்த வெளிகள் அங்கு உழவு நிலங்களாயின. சோளமும் கம்பும் விளைந்து, இடையிடையே நிலம் ஓய்ந்து கிடந்த பழைய வேளாண்மையோடு கானமயில் இணங்கி வாழ்ந்தது. ஆண்டு முழுதும் பயிரும் பூச்சிமருந்தும் வேலியும் வந்த பின்னர் அதற்கு உணவும் இடமும் குறைந்தன.

புல்வெளியை இழப்பது பறவை மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 53 கோடிக்கு மேற்பட்ட கால்நடைகள் உள்ளன. ஆடு, மாடு, ஒட்டகம் வளர்ப்போருக்குப் புல்வெளியே முதல். ஏட்டில் தரிசாகத் தோன்றும் நிலம் அவர்களுடைய கணக்கில் தரிசன்று.

மின்கம்பிகள்

அண்மைக் காலத்தில் மற்றோர் இடர் சேர்ந்துள்ளது. வெயிலும் காற்றும் மிகுந்த ஜெய்சால்மர் மாவட்டத்தில் சூரிய மின் நிலையங்களும் காற்றாலைகளும் பெருகியுள்ளன. அம்மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உயரழுத்தக் கம்பிகள் கானமயிலின் பறக்கும் பாதையில் குறுக்கிடுகின்றன. பக்கவாட்டில் அமைந்த அதன் கண்கள் சுற்றுப்புறத்தை நன்கு காண்கின்றன. ஆனால் நேர் முன்னுள்ளதைக் குறைவாகவே காண்கின்றன. கம்பியை அருகில் கண்டாலும் கனத்த உடலை விரைந்து திருப்ப அதனால் இயல்வதில்லை. தார்ப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் இவ்வாறு மடிவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. 150 பறவைகளே எஞ்சிய இனத்தில் இது பத்தில் ஒன்றுக்கும் மேல். ஒற்றை முட்டையால் இந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பறவை வாழும் பகுதிகளில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்கவும், பிற இடங்களில் பறவைகள் விலகிச்செல்லும்படி கம்பிகளில் அடையாளத் தகடுகள் பொருத்தவும் ஆணையிட்டது. சுமார் 99,000 சதுர கிலோமீட்டருக்கு அவ்வாறு செய்வது இயலாதென மத்திய அரசு முறையிட்டதன்பேரில், 2024 மார்ச்சில் அவ்வாணையை மாற்றி, வல்லுநர் குழுவிடம் ஆய்வை ஒப்படைத்தது. நிலக்கரியைக் குறைப்பதும் ஒரு பொதுநலம், ஓர் இனத்தைக் காப்பதும் ஒரு பொதுநலம். தேர்வு செய்ய வேண்டியது எந்த நிலத்தில் எதை அமைப்பது என்பதையே. புல்வெளி முழுவதும் ‘தரிசு’ எனப் பதிந்திருக்கும்போது இந்தத் தேர்வு ஏட்டிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டு சரணாலயங்கள் தரும் பாடம்

அப்படியாயின் நிலத்தைச் சரணாலயமாக அறிவித்துவிட்டால் போதாதா? போதாது என்பதற்கு இரு சான்றுகள் உள்ளன. மத்தியப் பிரதேசத்தின் கரேராவில் 1981-ல் கானமயிலுக்கென 202 சதுர கிலோமீட்டர் அளவில் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. அதனுள் கிராமங்களும் உழவர்களின் பட்டா நிலங்களும் இருந்தன. நிலத்தை விற்கக் கட்டுப்பாடு வந்தது. பாதுகாப்பினால் பெருகிய வெளிமான்கள் பயிரை மேய்ந்தன. மக்களின் நல்லெண்ணம் கரைந்தது. 1990-களில் கானமயில் அங்கிருந்து மறைந்தது. 2022-ல் சரணாலயமும் நீக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர், அகமதுநகர் பகுதியில் 1979-ல் 8,496 சதுர கிலோமீட்டர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊர்களையும் வயல்களையும் அடக்கிய அவ்வெல்லையை நடைமுறையில் காக்க இயலாமல் பின்னர் சுமார் 1,200 சதுர கிலோமீட்டராகக் குறைக்க நேர்ந்தது.

மக்களின் இசைவின்றி வரைபடத்தில் இடும் கோடு பறவையைக் காப்பதில்லை என்பதே இவ்விரண்டும் புகட்டும் பாடம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, இயற்கைப் புல்வெளிகளைத் தரிசு என்னும் தலைப்பிலிருந்து பிரித்து, அவற்றின் உண்மைப் பெயரிலேயே நிலப் பதிவேடுகளில் குறித்தல் வேண்டும். இராஜஸ்தானத்துக் கிராமங்கள் தலைமுறைகளாகத் தெய்வத்தின் பெயரால் காத்துவரும் ‘ஓரண்’ நிலங்களும் இவ்வாறு பதியப்படுதல் தகும்.

இரண்டாவதாக, பெரும் பரப்பைப் பெயரளவில் அடைப்பதைவிட, முட்டையிடும் இடங்களைச் சிறு சிறு வேலிப் பகுதிகளாகக் காத்து, அங்கு நாய்களைக் கட்டுப்படுத்துதல் பயன் தரும். மழைக்கால முட்டைப் பருவத்தில் மேய்ச்சலையும் உழவையும் சற்று ஒதுக்கிவைக்கும் உழவருக்கும் மேய்ப்பருக்கும் அந்த இழப்பை ஈடுகட்டும் தொகை அளித்தல் நியாயமாகும்.

மூன்றாவதாக, மின்பாதைகளை வகுக்கும் முன்னரே பறவையின் நடமாட்டத்தை அறிந்து, ஒரே தடத்தில் அவற்றை இணைத்தல் வேண்டும். பின்னர்ப் பிடுங்கி நடுவதைவிட இது செலவு குறைந்தது.

2019 முதல் ஜெய்சால்மர் மாவட்டத்தில் கானமயிலின் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கின்றனர். 2024 அக்டோபரில் செயற்கை முறைக் கருவூட்டலின் வழியே முதல் குஞ்சு பிறந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் வளர்ப்பு நிலையங்களில் 40-க்கும் மேற்பட்ட பறவைகள் இருந்தன. இது மகிழத்தக்க சாதனையே. எனினும் இப்பறவைகளைக் கூண்டிலேயே வைத்திருப்பது எவருடைய நோக்கமுமன்று. அவற்றின் சந்ததியை ஒரு நாள் வெளியில் விட வேண்டும். அன்று அவை இறங்குவதற்குப் புல்வெளி இருக்குமா என்பது வளர்ப்பு நிலையத்தில் தீர்மானிக்கப்படுவதன்று. வட்டாட்சியர் அலுவலகத்திலும், கிராம சபையிலும், திட்டம் தீட்டும் அறைகளிலும் இன்று எழுதப்படும் குறிப்புகளே அதனைத் தீர்மானிக்கும்.