பரிசுத்தாளில் சுற்றி வந்த பணம்

குற்றக் கும்பல்கள் துப்பாக்கியைக் காட்டித்தான் அரசியலை வளைக்கின்றன என்ற நம்பிக்கை, கொலம்பியாவைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் தலைகாட்டுகிறது. மெடெலின் நகரத்துப் போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபார் 1982இல் நாடாளுமன்றக் கீழவையின் மாற்று உறுப்பினராக, அதாவது முதன்மை உறுப்பினர் இல்லாதபோது அவரது இடத்தில் அமர்பவராகத் தேர்வானதும், அவரது பணம் வந்த வழியை அம்பலப்படுத்திய நீதி அமைச்சர் ரொட்ரிகோ லாரா பொனியா 1984 ஏப்ரலில் சுட்டுக்கொல்லப்பட்டதும் அந்த நம்பிக்கைக்கு உரமிட்டன. ஆயினும் எஸ்கோபாரின் இரைச்சலே அவருக்கு எதிராக அரசைத் திரட்டியது. அவருக்குப் போட்டியாக வளர்ந்த காலி நகரத்து கார்டெல், அதாவது அங்கிருந்த கடத்தல் வணிகர்களின் கூட்டமைப்பு, பணப்பையையே பெரிதும் நம்பியது.

இத்தகைய பணம் வாக்காளரின் கையில்தான் போய்ச் சேர்கிறது என்று எண்ணுவதும் பாதி உண்மையே; அது முதலில் சென்று சேரும் இடம் பரப்புரைக் கணக்கு. 1994 குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் எர்னெஸ்டோ சாம்பேருக்கும் ஆந்த்ரேஸ் பாஸ்த்ரானாவுக்கும் இடையிலான வேறுபாடு 20,000 வாக்குகளுக்கும் குறைவு. இரண்டாம் சுற்றுக்குக் கையில் காசில்லாத நிலையில் சாம்பேரின் தரப்புக்குக் காலி கும்பலிடமிருந்து ஏறத்தாழ 60 லட்சம் டாலர் வந்தது என்பதும், அது பரிசுத்தாள் சுற்றிய பெட்டிகளில் வந்தது என்பதும் பின்னர் எழுந்த குற்றச்சாட்டு. கோப்பு எண்ணை வைத்து 'வழக்கு 8000' என்று பெயர் பெற்ற அவ்விசாரணையில் பரப்புரைப் பொருளாளர் சாந்தியாகோ மெதினாவும், பரப்புரையை நடத்திப் பின்னர் பாதுகாப்பு அமைச்சரான ஃபெர்னாண்டோ பொத்தேரோவும் சிறை சென்றனர். பணம் வந்திருந்தால் தமக்குத் தெரியாமல் வந்திருக்கும் என்றார் சாம்பேர். வீட்டுக்குள் யானை புகுந்தால் வீட்டுக்காரருக்குத் தெரியாதா என்ற பொருளில் பொகோட்டா பேராயர் பெத்ரோ ரூபியானோ கூறியது அந்நாட்டில் இன்றும் பேசப்படுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கதையை அறிந்த தமிழருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பணம் வாங்கியவர் கொடுத்தவரின் கைப்பாவையாகிவிடுவார் என்பது மேலும் பிடிவாதமான நம்பிக்கை. சாம்பேரின் ஆட்சியில்தான், அமெரிக்காவின் கடும் நெருக்குதலுக்கு இடையில், காலி கும்பலின் தலைவர்களான ரொட்ரீகஸ் ஒரெஹுவேலா சகோதரர்கள் 1995இல் அடுத்தடுத்துப் பிடிபட்டனர். ஒரு தலைவரை விலைக்கு வாங்குவதைவிட நாடாளுமன்றத்தில் பரவலாக நண்பர்களைச் சேர்ப்பதே கும்பலுக்கு நீடித்த பயன் தருவது. சொந்தக் குடிமக்களை வெளிநாட்டு நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதற்கு 1991 அரசமைப்பு விதித்த தடை 1997 டிசம்பரில் ஒரு திருத்தத்தால் நீங்கியபோதும், அதற்கு முன் இழைத்த குற்றங்களுக்கு அத்திருத்தம் பொருந்தாது என்றே நாடாளுமன்றம் வரையறுத்தது.

உண்மை வெளிவந்துவிட்டால் நிறுவனங்கள் தாமே சரிசெய்துகொள்ளும் என்ற ஆறுதலும் ஆய்வில் நிற்பதில்லை. 1996 ஜூனில் கீழவை 111க்கு 43 என்ற வாக்குகளில் சாம்பேர் மீதான நடவடிக்கையை முடித்துவைத்தது; அவர் 1998இல் தம் பதவிக்காலத்தை நிறைவு செய்தார். பின்னர் துணை இராணுவக் குழுக்களுடன் கொண்ட தொடர்புக்காக உறுப்பினர்கள் பலர் தண்டிக்கப்பட்ட பிறகே, 2009இல், அத்தகையோரின் இருக்கையைக் கட்சி வேறொருவரைக் கொண்டு நிரப்ப முடியாது என்ற 'வெற்று இருக்கை' விதி அரசமைப்பில் சேர்ந்தது.