ஹனோவருக்கு ஒரு கேள்வியோடு போங்கள்

ஓரகடத்திலோ ஓசூரிலோ வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஐரோப்பியக் கண்காட்சிக்குப் போய்வந்தவர் ரிவ்யூ மீட்டிங்கில் நிற்கிறார். ஐம்பது ஸ்லைடு ஓடுகிறது. பளபளக்கும் லாரிகள், எல்இடி திரைகள், நடுவே அவருடைய செல்ஃபி. எல்லாம் முடிந்ததும் எம்.டி. ஒன்றே ஒன்று கேட்கிறார்: "அந்த எலக்ட்ரிக் லாரியில ஏர் கம்ப்ரசர் யாரோடது? நம்ம விலைக்கு அவங்களால வர முடியுமா?" போனவரிடம் பதில் இல்லை. அடுத்த முறை டிக்கெட் வேறொருவர் பெயரில் போடப்படுகிறது.

அந்த வேறொருவர் நீங்களாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடக்கும் 'ஐஏஏ டிரான்ஸ்போர்ட்டேஷன்', லாரி, பஸ், டிரெய்லர் உலகின் முன்னணிக் கண்காட்சிகளில் ஒன்று. ஜெர்மன் வாகனத் தொழில் சங்கமான விடிஏ நடத்துகிறது. இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் மாதம் நடக்கும். 2020-இல் கொரோனாவால் நின்றுபோய், 2022-இல் இப்போதைய பெயரோடு திரும்பி வந்தது. 2024-இல் செப்டம்பர் 17 முதல் 22 வரை 6 நாள் நடந்தபோது சுமார் 1,700 கம்பெனிகள் ஸ்டால் போட்டிருந்தன.

ஒரு கணக்குப் போடுங்கள். ஸ்டாலுக்கு 2 நிமிடம் கொடுத்தாலே 1,700 ஸ்டாலுக்கு 56 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு 9 மணி நேரம் வீதம் 6 நாளும் நின்றாலும் உங்கள் கையில் இருப்பது 54 மணி நேரம். நடக்கும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. முழுதையும் பார்க்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டவருக்குத்தான் திட்டம் போட வரும்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

உங்கள் கம்பெனியில் யாருக்கும் பதில் தெரியாத, பதில் தெரிந்தால் பணமாகக்கூடிய ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். "எலக்ட்ரிக் லாரி டிரெண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்பது கேள்வியே இல்லை. "ஐரோப்பாவில் இ-ஆக்சில் ஓடுவது பெரும்பாலும் 40 டன் வண்டியில். நம் ஊர் டிராக்டர்-டிரெய்லருக்கு 55 டன் வரை அனுமதி உண்டு. இந்த லோடில், மே மாத வெயிலில், கூலிங் தாங்குமா?" என்பது கேள்வி. இதோடு போகிறவர் யாரைத் தேட வேண்டும், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்பதைக் கேள்வியே சொல்லிவிடும். ஒரு முதன்மைக் கேள்வி, இரண்டு துணைக் கேள்வி போதும்.

2. பாஸிடம் ஒரு பக்கத்தில் கேளுங்கள்

"சார், எனக்கு ஒரு எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று போய் நிற்காதீர்கள். உங்கள் எக்ஸ்போஷருக்குக் கம்பெனி ஏன் செலவு செய்ய வேண்டும்? ஒரே பக்கத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: கேள்வி, பதில் தரக்கூடிய பத்து கம்பெனிகளின் பட்டியல், மொத்தச் செலவு, திரும்பி வந்து நீங்கள் எந்தத் தேதியில் என்ன கொடுப்பீர்கள் என்ற உறுதி. கடைசி வரிதான் ஒப்புதல் வாங்கித் தரும். அதே பயணத்துக்கு இன்னும் நாலு பேர் கேட்டிருப்பார்கள். தேதி போட்டுக் கொடுத்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

3. நாள்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடைசி மாதத்தில் ஸ்லாட் தேடி அலையாதீர்கள்.

அதைவிட அவசரம், ரூம். கண்காட்சி வாரத்தில் ஹனோவர் ஹோட்டல் வாடகை தாறுமாறாக ஏறும். ஹில்டெஸ்ஹைம், செல்லே, பிரவுன்ஷ்வைக் போன்ற பக்கத்து ஊர்களில் தேடுங்கள். ரயில் வசதி நன்றாக உண்டு. கண்காட்சி நாள்களில் வீட்டின் ஒரு அறையை வாடகைக்கு விடும் பழக்கமும் அந்த ஊரில் நெடுங்காலமாக இருக்கிறது.

சென்னையிலிருந்து பிராங்ஃபர்ட் போய், அங்கிருந்து ஐசிஇ ரயில் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் ஹனோவர். ஊரின் மெயின் ஸ்டேஷனிலிருந்து 8-ஆம் எண் டிராம் வண்டி மைதானத்தின் வடக்கு வாசல் பக்கம் இறக்கிவிடும். 'ஹனோவர் மெஸ்ஸே லாட்சன்' ஸ்டேஷனில் இறங்கினால், மூடிய நடைபாலம் வழியாக 13-ஆம் ஹாலுக்கே போய்ச் சேரலாம். இந்தச் சின்ன விவரம் தெரிந்தவர் 9 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு 8.50-க்கு நிற்பார்.

4. 1,700-ஐ 25 ஆக்குங்கள்

கண்காட்சியின் வெப்சைட்டில் எக்ஸிபிட்டர் லிஸ்ட் வெளியானதும் உட்கார்ந்து சலியுங்கள். மூன்று அடுக்காகப் பிரியுங்கள். முதல் அடுக்கு: உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய 8 கம்பெனிகள், தலைக்கு 30 நிமிடம். இரண்டாம் அடுக்கு: உங்கள் போட்டியாளர்களும் அவர்களின் வாடிக்கையாளர்களும், மொத்தம் 10, தலைக்கு 15 நிமிடம். மூன்றாவது: பெரிய லாரிக் கம்பெனிகள் 7; இங்கே பேசுவதைவிடப் பார்ப்பது முக்கியம்.

பிறகு ஹால் மேப்பை வைத்து, ஒரு நாளை ஒரு பகுதிக்குள் அடக்குங்கள். காலையில் ஒரு கோடி, மதியம் மறு கோடி என்று போட்டால் கால்தான் வலிக்கும். மைதானத்துக்குள் ஷட்டில் பஸ் ஓடுகிறது. எந்த ஸ்டாப் எந்த ஹாலுக்குப் பக்கம் என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியச் சந்திப்புகளை முதல் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். வார இறுதி நெருங்க நெருங்க வேடிக்கை பார்க்கும் கூட்டம் கூடும். முடிவெடுக்கும் ஆட்கள் ஊர் திரும்பியிருப்பார்கள்.

5. மெயிலை ஆறு வாரம் முன்பே அனுப்புங்கள்

ஐந்து வரி போதும். நீங்கள் யார், உங்கள் கம்பெனி என்ன செய்கிறது, கேள்வி என்ன, எந்த நாள் எந்த நேரம் வசதி, எவ்வளவு நேரம் வேண்டும். சேல்ஸ் மேனேஜருக்கு மட்டும் அனுப்பாமல், "அப்ளிகேஷன் இன்ஜினியர் ஒருவர் உடன் இருந்தால் உதவியாக இருக்கும்" என்று சேர்த்து எழுதுங்கள். விலையைச் சேல்ஸ்காரர் சொல்வார்; அந்தப் பார்ட் எங்கே தோற்கும் என்பதை இன்ஜினியர்தான் சொல்வார்.

ஜெர்மானியர்கள் 10.30 என்றால் 10.30. ஐந்து நிமிடம் தாமதம் என்றாலும் போன் செய்து சொல்லிவிடுங்கள். "ஹெர்", "ஃப்ரௌ" சேர்த்துக் குடும்பப் பெயரால் அழையுங்கள். பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவதை அவர்கள் தொடங்கட்டும். முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொன்னால் அது கோபம் இல்லை, தகவல். "ஏன் முடியாது?" என்று உடனே கேளுங்கள். பாதி நேரம் உங்களுக்குத் தேவையான பதில் அந்த விளக்கத்தில்தான் இருக்கும்.

6. நாற்பது வினாடியில் உங்களைச் சொல்லுங்கள்

கம்பெனியின் ஸ்தாபகர், விருதுகள், ஏக்கர் கணக்கு எல்லாம் வேண்டாம். "நான் சென்னையிலிருந்து வருகிறேன். லாரி பிரேக்குக்கு வால்வு செய்கிறோம். இந்தத் தயாரிப்பில் எனக்கு ஒரு சந்தேகம்." அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கண்ணாடி முன் இருபது தடவை சொல்லிப் பழகுங்கள். சென்னை என்ற பெயர் இந்தத் துறையில் கதவு திறக்கும். டைம்லர் டிரக் ஓரகடத்தில் பாரத்பென்ஸ் தயாரிக்கிறது. இசட்எஃப் குழுமத்துக்கும் சென்னையில் கமர்ஷியல் வாகனத் தொழில் இருக்கிறது. எதிரே இருப்பவர் சென்னைக்கு வந்து போனவராகவே இருக்கலாம். அந்தச் சாதகத்தைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

7. லாரியின் முன்னால் நிற்காதீர்கள், பக்கத்தில் குந்துங்கள்

எல்லோரும் கேபினில் ஏறி ஸ்டியரிங் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பின் சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவில் குந்தி உட்காருங்கள். ஏர் ஸ்பிரிங்கில், பிரேக் காலிப்பரில், ஒயரிங் கனெக்டரில் யார் பெயர் அச்சடித்திருக்கிறது? பிப்த் வீலில் யாருடைய முத்திரை? ஹோஸ் எந்தப் பக்கமாக வளைந்து போகிறது, எத்தனை கிளாம்ப் போட்டிருக்கிறார்கள், எங்கே போல்ட், எங்கே வெல்டிங்? பிரஸ் ரிலீஸில் வராத சப்ளையர் பட்டியல் அங்கே இலவசமாகக் கிடக்கிறது. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: பார்ட், சப்ளையர். 7 லாரிக்கு இப்படிக் குந்தி எழுந்தால், எம்.டி. கேட்கக்கூடிய கேள்விகளில் பாதிக்குப் பதில் உங்கள் பையில் இருக்கும்.

போட்டோ எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். கட்-செக்‌ஷன் மாடல்களை எடுக்கப் பெரும்பாலும் விடுவார்கள். விடாவிட்டால் வற்புறுத்தாமல் வரைந்துகொள்ளுங்கள்.

8. நம்பர் வேண்டாம், காரணம் கேளுங்கள்

மெர்சிடிஸ் பென்ஸ் இ-ஆக்ட்ரோஸ் 600-இல் 600 கிலோவாட் அவருக்கு மேல் பேட்டரி, ஒரு சார்ஜில் சுமார் 500 கிலோமீட்டர். இந்த நம்பர் போனிலேயே கிடைக்கும். ஏன் 500 என்று கேட்டால்தான் விஷயம் புரியும். ஐரோப்பிய விதிப்படி லாரி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். அந்த ஓய்வுக்குள் சார்ஜ் ஏற்றிவிட்டால் வண்டி நிற்கும் நேரம் வீணில்லை. மெகாவாட் சார்ஜிங் பற்றி அங்கே அவ்வளவு பேசுவதன் பொருளாதாரம் இதுதான். இன்னொரு காரணம் சட்டம்: புதிய கனரக வாகனங்களின் கரியமில வாயு வெளியீட்டை 2019 அளவிலிருந்து 2030-இல் 45 சதவீதமும், 2035-இல் 65 சதவீதமும், 2040-இல் 90 சதவீதமும் குறைக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம்.

காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி உங்களுக்கே வரும்: அந்த ஓய்வு விதியும் அந்தச் சார்ஜரும் இல்லாத சேலம்–பெங்களூரு ரோட்டில் எந்த சைஸ் பேட்டரி கட்டுப்படியாகும்? இந்தக் கேள்வியை உங்கள் கம்பெனியில் முதலில் கேட்பவர் நீங்களாக இருங்கள்.

9. வாயைக் காத்துக்கொள்ளுங்கள்

நீங்கள் துப்புத் தேடுவது போலவே எதிரே இருப்பவரும் தேடுகிறார். காபி கொடுத்து, "இந்தியாவில் உங்கள் வால்யூம் எவ்வளவு? இப்போது யாரிடம் வாங்குகிறீர்கள்?" என்று சிரித்தபடியே கேட்பார். தவளை தன் வாயால் கெடும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கிளம்புமுன்பே பாஸிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிராமிலும் சாப்பாட்டு வரிசையிலும் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நம்ப வேண்டாம். உங்கள் போட்டிக் கம்பெனியும் அம்பத்தூரிலிருந்துதான் ஆள் அனுப்பியிருக்கும்.

வேலை மாறும் எண்ணம் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கம்பெனிச் செலவில் போய் ஸ்டால் ஸ்டாலாக ரெஸ்யூமே நீட்டாதீர்கள். செய்தி உங்களுக்கு முன்பே ஊர் வந்து சேரும். நல்ல கேள்வி கேட்டவரை அவர்களே லிங்க்ட்இன்னில் தேடி வருவார்கள். எந்தத் திறமைக்குக் கிராக்கி என்று மட்டும் கவனித்து வாருங்கள். ஹை வோல்டேஜ் பாதுகாப்பு, ஃபங்ஷனல் சேஃப்டி, வாகன சைபர் செக்யூரிட்டி: இவற்றில் எதைப் பற்றிப் பேச்சு வரும்போது நீங்கள் தலையாட்ட மட்டும் செய்தீர்களோ, அதுதான் நீங்கள் சேர வேண்டிய அடுத்த கோர்ஸ்.

10. சாயங்காலம் அரை மணி நேரம்

விசிட்டிங் கார்டு வாங்கிய கையோடு அதன் பின்னால் மூன்று வார்த்தை எழுதுங்கள்: என்ன பேசினோம், என்ன தருவதாகச் சொன்னார், நான் என்ன அனுப்ப வேண்டும். மாலையில் ரூமுக்கு வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் ஏற்றுங்கள். அன்றைக்கு விட்டால் மூன்றாம் நாள் எந்த முகம் எந்த ஸ்டால் என்றே நினைவிருக்காது. கேட்டலாக் சுமக்க வேண்டாம். பிடிஎஃப் அனுப்பச் சொன்னால் அவர்களுக்கு ஒரு மெயில் எழுதக் காரணமும் கிடைத்துவிடும். பழகிய ஷூவையே போட்டுப் போங்கள். மதியக் கூட்டத்தில் மாட்டாமல் பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

11. திரும்பி வந்த வாரம்தான் கண்காட்சி

ஊர் வந்த மூன்று நாளுக்குள் எல்லோருக்கும் தனித்தனி மெயில் போக வேண்டும். ஃபார்வர்ட் செய்த பொது நன்றியை யாரும் படிப்பதில்லை. "நீங்கள் சொன்ன சீல் பிரச்சினையை எங்கள் டெஸ்ட் டேட்டாவில் பார்த்தோம்" என்று ஒரு வரி இருந்தால் பதில் வரும்.

பாஸுக்கு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கேள்வி, கிடைத்த பதில், அதைச் சொன்னது யார், நாம் செய்ய வேண்டிய மூன்று வேலை, எந்தத் தேதிக்குள். இரண்டாம் பக்கத்தில் சப்ளையர் பட்டியல். மூன்று வேலையில் ஒன்றுக்குப் பொறுப்பாளராக உங்கள் பெயரையே போடுங்கள். தகவல் கொண்டு வந்தவரைப் பாராட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த வேலையைக் கையில் வைத்திருப்பவரை அடுத்த அப்ரைசல்வரை மறக்க முடியாது.

ஹனோவர் இப்போதைக்கு எட்டாத தூரம் என்றால், பெங்களூருவின் பிஐஇசி மைதானத்தில் நடக்கும் எக்ஸ்கான், டெல்லியில் நடக்கும் பாரத் மொபிலிட்டி என்று உள்நாட்டிலேயே பயிற்சிக் களம் இருக்கிறது. ராத்திரி ரயிலில் போய் இதே பதினொரு படியையும் அங்கே ஒரு முறை செய்து பாருங்கள். அந்த இரண்டு பக்க ரிப்போர்ட்டை ஹனோவர் கோரிக்கையோடு இணைத்துக் கொடுங்கள்.

நாளைக் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் உங்கள் லைனில் மூத்த ஆள் ஒருவரிடம் போய்க் கேளுங்கள்: "அண்ணே, நம்ம பார்ட்ல இன்னைக்கு வரைக்கும் யாராலயும் தீர்க்க முடியாதது எது?" அவர் சொல்லும் பதிலை அப்படியே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பயணத்துக்கான கேள்வி அதுதான்.