மின்சைக்கிளில் முதலில் எதை மாற்றலாம்?

மலைப்பாதையில் ஓட்டும் மின்சைக்கிளை மேம்படுத்தலாம் என்றதும் பலரும் பெரிய மோட்டாரைத்தான் நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டார் 250 வாட்டைத் தாண்டினால் சட்டம் அதைச் சாதாரண சைக்கிளாகக் கருதாது. அது கிடக்கட்டும், ஏறிய சைக்கிள் இறங்கவும் வேண்டுமல்லவா?

சைக்கிள் 24 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ என்று கொள்வோம். 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் நிலை ஆற்றல் 84 × 9.8 × 100 = 82,320 ஜூல். கால் லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிக்கவைக்க இது போதும்! மிதிகட்டை அச்சருகே மோட்டார் உள்ள வகைகளில், இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்றுவதில்லை. எனவே இந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பாது. வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், காற்றுத் தடைக்கும் சக்கர உராய்வுக்கும் போக மீதி முழுவதும் பிரேக்கில்தான் வெப்பமாக வேண்டும்.

ஆகவே முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். டிஸ்க்கின் விட்டம் 160 மில்லிமீட்டரிலிருந்து 200 ஆனால், பிடிக்கும் இடம் அச்சிலிருந்து தள்ளிப்போகிறது. கதவைக் கீலருகே தள்ளுவதற்கும் விளிம்பில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. அதே விரல் விசைக்குத் திருப்புத்திறன் ஏறத்தாழ 1¼ மடங்காகும். வெப்பத்தை ஏற்க உலோகமும் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனால் முன் ஃபோர்க்குக்குத் தயாரிப்பாளர் குறித்துள்ள டிஸ்க் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபோர்க்கே முறியலாம். பிரேக் பிடியை நகர்த்திப் பொருத்த ஓர் இணைப்புத் துண்டும் தேவைப்படும்.