கோடைப் பயணமும் குழந்தையின் உடைமைகளும்: விடுதிகளில் தங்கும் குடும்பங்களுக்கான பருவகால ஆலோசனை

ஏப்ரல், மே மாதங்களுக்கு உரியது

பள்ளிகளின் ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் இவ்வேளையில், உதகை, கொடைக்கானல், ஏற்காடு முதலிய மலையூர்களிலும் கன்னியாகுமரி, இராமேசுவரம் முதலிய கடலோரத் தலங்களிலும் உள்ள விடுதிகள் நிரம்பி வழிகின்றன. காலை காலியாகும் அறையைப் பிற்பகலுக்குள் அடுத்த குடும்பத்துக்கு ஒப்படைக்க வேண்டியிருப்பதால், துப்புரவுப் பணி வழக்கத்தினும் விரைவாக நடைபெறுகிறது. அந்த விரைவில் எளிதாகக் காணாமற்போவன குழந்தைகளின் சிறு பொருட்கள். கைப்பேசியோ கைக்கடிகாரமோ அறையில் கிடந்தால், அது விலையுள்ள பொருள் என்பது கண்டெடுப்பவருக்கு உடனே தெரிகிறது. குழந்தையின் பொருளுக்கு உள்ள மதிப்போ குடும்பத்துக்கு வெளியே எவருக்கும் தெரிவதில்லை. அந்த மதிப்பை வாய்விட்டுச் சொல்லவும், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவும் பெற்றோர் பழக வேண்டும் என்பதே இந்த ஆலோசனையின் சாரம்.

கவனிக்க வேண்டிய மூவகைப் பொருட்கள்

முதல் வகை, உடல்நலம் சார்ந்தவை: மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்வரிசையைச் சீராக்கக் கழற்றி மாட்டும் கிளிப், மூச்சிரைப்புக்கான இன்ஹேலர் ஆகியன. இவற்றுள் பல அந்தக் குழந்தைக்கென்றே அளவெடுத்துச் செய்யப்படுவதால், வெளியூரில் மாற்று வாங்குவது அரிது. இரண்டாம் வகை, கொலுசு, காப்பு, தோடு, வெள்ளி அரைஞாண் போன்ற அணிகள். குளிப்பாட்டும்போது கழற்றிக் காகிதக் கைக்குட்டையில் மடித்துக் குளியலறை மேடையில் வைக்கப்படும் கொலுசு, அடுத்த நாள் கசங்கிய காகிதமாகவே கண்ணில் பட்டுக் குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

மூன்றாம் வகை, குழந்தை கட்டிக்கொண்டு உறங்கும் பொம்மை, போர்வை, தாயின் பழைய சேலைத் துண்டு போன்றவை. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், 1953இல் வெளியான கட்டுரையில் இவற்றுக்கு ‘இடைநிலைப் பொருள்’ என்று பொருள்படும் பெயரைத் தந்தார். தாயோடு ஒன்றியிருக்கும் நிலையிலிருந்து தனித்திருக்கும் நிலைக்குக் குழந்தை நகர்கையில், இரண்டுக்கும் இடையே துணைநிற்கும் பொருள் என்பது அதன் விளக்கம். அத்தகைய பொருளைத் துவைத்தால் குழந்தைக்கு அதனுடனுள்ள தொடர்ச்சி அறுந்துபோகக்கூடும் என்பதையும் அவர் சுட்டினார். உளவியலாளர்கள் புரூஸ் ஹுட், பால் புளூம் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பொருட்களை அப்படியே நகலெடுப்பதாகக் காட்டப்பட்ட ஒரு பெட்டியை நம்பிய 3 முதல் 6 வயதுக் குழந்தைகள், தாங்கள் கட்டிக்கொண்டு உறங்கும் பொருளின் நகலை ஏற்காமல் பெரும்பாலும் மூலத்தையே கேட்டனர். சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே இசையவில்லை. ஆகவே, ‘வேறொன்று வாங்கித் தரலாம்’ என்ற ஆறுதல் இவ்வகைப் பொருளுக்குப் பொருந்துவதில்லை.

பயணத்துக்கு முன்

குழந்தையுடன் செல்லும் முக்கியப் பொருட்கள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதும், துணிப் பொருட்களின் ஓரத்தில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதிய நாடாவைத் தைத்துவிடுவதும் நல்லது; குழந்தையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் பிறர் காணும்படி எழுதுவதைப் பாதுகாப்புக் கருதித் தவிர்க்க வேண்டும். சேலைத் துண்டைச் சார்ந்துள்ள குழந்தைக்கு, அதே சேலையின் மற்றொரு பகுதியை இப்போதே வெட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தால் இரண்டிலும் ஒரே வாசனை ஏறும். தேவையற்ற அணிகளை வீட்டிலேயே விட்டுச் செல்வது எல்லாவற்றினும் பாதுகாப்பானது.

தங்கும் நாட்களில்

வெண்ணிறப் பொம்மையும் போர்வையும் விடுதியின் வெண்ணிற விரிப்புகளோடு கலந்துவிடுகின்றன. படுக்கையை மாற்றும் பணியாளர், விரிப்பின் நான்கு முனைகளையும் கூட்டிப் பிடித்து, உள்ளே இருப்பதோடு சேர்த்து மூட்டையாகச் சுருட்டித் தள்ளுவண்டியில் போடுகிறார். பல விடுதிகளில் அம்மூட்டை வெளியிலுள்ள சலவையகத்துக்குச் சென்றுவிடுகிறது. நைந்த சேலைத் துண்டோ துடைக்கும் கந்தையாகவே தோன்றும். எனவே, அறையை விட்டு வெளியே செல்லும்போதெல்லாம் அவற்றைப் பெட்டிக்குள் வைப்பதையும், ‘இந்தத் துணி குழந்தையுடையது, எடுத்துவிட வேண்டாம்’ என்று பணியாளரிடம் முதல் நாளே சொல்லிவைப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடி, கிளிப், அணி ஆகியவற்றுக்கு அழுத்தமான நிறமுள்ள ஒரே டப்பாவை ஒதுக்கி, அதை ஒரே இடத்தில் வைப்பது தேடும் வேலையைப் பெரிதும் குறைக்கும்.

அறையைக் காலி செய்யும்போது

பெட்டிகள் வெளியே சென்றபின், பெரியவர் ஒருவர் மட்டும் அறைக்குத் திரும்பி, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, விரிப்பையும் போர்வையையும் தாமே உருவி உதறிப் பார்க்க வேண்டும். மெத்தைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கு, கட்டிலின் அடிப்பகுதி, குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கி, ஈரத்துணி காயும் பால்கனி, மருந்துப் புட்டி வைத்த குளிர்பெட்டி ஆகியவை தவறாமல் பார்க்க வேண்டிய இடங்கள். குனிந்து பார்க்கும் உயரத்தில் குழந்தையே ஒளித்துவைத்த பொருட்கள் இருக்கக்கூடும் என்பதால், பேசத் தெரிந்த குழந்தையிடம் கேட்பதும் பயன் தரும்.

பொருள் தவறியது தெரிந்தவுடன்

பொருளைத் தேடி விடுதிக்குத் திரும்புவது எப்போதும் இயலாது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நெரிசல் மிகுந்த மலைப்பாதையில் பாதி வழியிலிருந்து திரும்பிச் செல்வதும் எளிதன்று. ஆகவே தொலைபேசியே முதல் கருவி. முன்பதிவுச் செயலியை நாடுவதைவிட விடுதியின் வரவேற்பு மேசையையே நேரடியாக அழைத்து, அறை எண், காலி செய்த நேரம், பொருளின் நிறமும் அளவும், கடைசியாக இருந்த இடம் ஆகியவற்றைத் தெரிவித்து, சலவை மூட்டை புறப்பட்டுவிட்டதா, அறையின் குப்பை எங்கே உள்ளது என்ற இரு கேள்விகளையும் கேட்க வேண்டும். தவறவிட்ட பொருட்களுக்கான பதிவேட்டில் தகவலை எழுதச் சொல்லி, எழுதியவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, பொருளின் படத்தை வாட்ஸ்அப் வழியாக அனுப்பிவிட்டு, சலவை திரும்பும் நாளில் மறுபடியும் அழைக்க வேண்டும். விருந்தினரின் அந்தரங்கம் கருதி, கண்டெடுத்த பொருளைப் பற்றித் தாமாக அழைப்பதில்லை என்ற வழக்கம் பல விடுதிகளில் உண்டு என்பதால், அழைப்பு வரட்டும் என்று காத்திருப்பது வீண். பேசும்போது துப்புரவுப் பணியாளர்மீது பழிசுமத்துவது நியாயமன்று. தேடிக் கண்டெடுக்கப்போகிறவரும் பெரும்பாலும் அவரே.

சட்டம் சொல்வது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ‘ஒப்படைப்பு’ என்பது, திரும்பப் பெறும் நோக்கில் ஒருவர் தம் பொருளை மற்றவரிடம் கொடுத்துவைப்பதைக் குறிக்கும். அறையில் மறந்துவிட்ட பொருள் அவ்வாறு கொடுத்துவைத்தது ஆகாது. ஆயினும், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் வசம் வைத்துக்கொள்பவருக்கு ஒப்படைப்புப் பெற்றவருக்குரிய பொறுப்பே உண்டு என்று 71ஆம் பிரிவு கூறுகிறது. அதே பருமனும் தரமும் மதிப்பும் கொண்ட தம் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் எப்படிப் பேணுவாரோ அப்படிப் பேண வேண்டும் என்பது 151ஆம் பிரிவு விதிக்கும் அளவுகோல். மதிப்பும் அதில் ஒரு கூறு என்பதால், பொருள் எத்துணை இன்றியமையாதது என்பதை எழுத்தில் தெரிவிப்பது வெறும் புலம்பல் ஆகாது.

விடுதியிடம் ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அச்சிட்ட நிபந்தனையைக் காட்டி விடுதி தன் சொந்தக் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது என்று தெளிவுபடுத்தியது. விடுதியின் சேவைக் குறைபாடு உறுதியாகத் தெரியுமானால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம்.

குழந்தையிடம் சொல்ல வேண்டியது

பொருள் தவறிய இரவில் குழந்தை அழுவது அடம் அன்று, அது துயரம். ‘ஒரு துணிக்கா இவ்வளவு அழுகை’ என்று கடிந்துகொள்ளாமலும், ‘நாளை வந்துவிடும்’ என்று உறுதியில்லாத வாக்கைக் கொடுக்காமலும், தேடச் சொல்லியிருப்பதை உள்ளபடியே சொல்லி, தாய் புழங்கிய துணி ஒன்றை அருகில் வைத்து உறங்கச் செய்வது நல்லது.

விடுதி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குழந்தையுடன் வந்த குடும்பம் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘பிள்ளையின் பொருட்களை எல்லாம் எடுத்துக்கொண்டீர்களா?’ என்று வரவேற்பு மேசையில் இருப்பவர் கேட்கட்டும். அந்த அறையின் விரிப்புகளை மூட்டையாகக் கட்டுவதற்கு முன் ஒருமுறை உதறச் சொல்லட்டும். செலவில்லாத இவ்விரு செயல்களையும் இந்தக் கோடையிலேயே தொடங்கிவிடலாம்.