மீனும் காலுறையும்

கேள்வி: கனடாவில் தண்டர் பே நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறேன். அங்கே இருப்பவர்களில் சிலர் ஓஜிப்வே மக்கள். அவர்கள் மொழியில் வணக்கமாவது சொல்வோமே என்று ஒரு சிறு கையேட்டைப் பார்த்துப் படித்தேன். நான் ‘பூழூ’ என்றதும் ஒரு பாட்டியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பதிலுக்கு அவர் சொன்ன சொல் வேறு மாதிரி இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் இது வாயில் நுழையாத மொழி என்று விட்டுவிட்டார்கள். தமிழ் நாக்குக்கு வருமா, ஐயா?

- ஒரு வாசகி

பதில்: தாராளமாக வரும். உங்கள் நாக்கில் குறை இல்லை, கண்தான் ஏமாற்றிவிட்டது. ஆங்கில எழுத்தில் இசட்டும் எச்சும் சேர்ந்து வந்தால் நமக்கு உடனே ழகரம். கனிமொழியையும் யாழினியையும் அப்படித்தானே எழுதிப் பழகியிருக்கிறோம்! ஓஜிப்வேயில் ழகரம் கிடையாது. லகரமும் ரகரமும்கூடக் கிடையாது. அந்த இரண்டு எழுத்தும் அங்கே குறிப்பது, ‘டெலிவிஷன்’ என்பதை ஆங்கிலேயர் சொல்லும்போது நடுவில் அதிர்ந்து வருகிற ஒலியை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘ஷ்ஷ்ஷ்’ என்று இழுங்கள். இழுப்பை நிறுத்தாமல் குரலைச் சேருங்கள். விரலில் அதிர்வு தட்டினால் ஒலி வந்துவிட்டது. தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் இந்த வணக்கத்திலும் கடைசியில் தரும் பயிற்சிச் சொல்லிலும் ‘ஜ’ போட்டுக்கொள்கிறேன்; மற்ற சொற்களில் வரும் ‘ஜ’ நம் வழக்கமான ஜகரமே. பாட்டியம்மா சொன்னது ஏறக்குறைய ‘போஜோ’; அந்த ஓகாரம் ஊகாரத்தின் பக்கம் கொஞ்சம் சாயும்.

உங்கள் கையேட்டில் இருப்பது அநேகமாக ‘இரட்டை உயிர்’ எழுத்துமுறை. 1950களில் சார்லஸ் ஃபியெரோ என்பவர் வகுத்தது. ஒற்றை உயிரெழுத்து வந்தால் குறில், இரட்டையாக வந்தால் நெடில். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். நமக்கோ குறில் நெடில் அரிச்சுவடியோடு வந்தது. ‘அகிம்’ என்றால் ‘எண்ணு’, ‘ஆகிம்’ என்றால் பனியில் நடக்கக் காலில் கட்டும் வலைச்சட்டம். நமக்கு ‘படு’, ‘பாடு’ மாதிரி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஓஜிப்வேயில் எகரக் குறில் இல்லை. ஒற்றையாக எழுதினாலும் அது ஏகாரம்தான். நன்றி சொல்லும்போது ‘மீக்வெச்’ வேண்டாம், ‘மீக்வேச்’.

மெய்யொலிகளிலும் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. ஓஜிப்வேயில் பல மெய்கள் வலிது, மெலிது என்று இணை இணையாக வரும். வலியதை அழுத்தி, ஒரு நொடிப்பொழுது கூடுதலாகப் பிடித்துச் சொல்ல வேண்டும். மெலியது தளர்ந்து, உயிர்களுக்கு நடுவே அதிரும். ‘பட்டு’, ‘படு’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். நம் இரட்டித்த வல்லெழுத்தைப் போலவே அவர்களுடைய வலிய மெய்யும் பொதுவாகச் சொல்லின் முதலில் வராது. மெலியதை வெளியார் காது எப்படிக் குழப்பிக்கொண்டது என்பதற்கு அந்த மக்களின் பெயரே சாட்சி. ‘ஓஜிப்வே’யில் ஜகரத்தைச் சகரமாகவும், ‘ப்’ அதிர்வதை அதிராததாகவும் கேட்டு, முன்னால் இருந்த உயிரையும் தொலைத்தவர்கள் எழுதி வைத்ததுதான் ‘சிப்பெவா’. அமெரிக்க அரசு ஆவணங்களில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

சொந்தம் என்றதும் மெத்தனம் வேண்டாம். தமிழ்ப் பழக்கமே குழி பறிக்கும் இடங்கள் உண்டு. நம் பேச்சில் ‘அகம்’ என்னும்போது ககரம் பாதி ஹகரமாகத் தேய்ந்துவிடும். அங்கே தேயக்கூடாது, ‘கங்கை’யின் இரண்டாவது ககரம்போல முழுதாக ஒலிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குழி உடம்படுமெய். ஓநாய்க்கு ‘ம’ஈங்கன்’ என்று பெயர். நடுவில் இருக்கும் சிறு குறி, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பதைக் காட்டுகிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது மூச்சு தொண்டையில் நிற்குமே, அதே அடைப்பு. நம் நாக்கோ இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் பொறுக்காது. யகரத்தையோ வகரத்தையோ நுழைத்து ‘மயீங்கன்’ என்றோ ‘மவீங்கன்’ என்றோ ஆக்கிவிடும். இலக்கணம் படித்திராத பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும். இதற்குத் தனியாக, வெட்கப்படாமல், உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். ‘அவருடைய இதயம்’ என்ற பொருளில் வரும் ‘ஒடே’’ என்பதில் அந்த அடைப்பு சொல்லின் கடைசியில் வரும், இன்னும் கடினம்.

மூக்கொலி உயிர்கள் எளிது. மீனுக்கு ‘கீகோ’ என்று சொல்லி, கடைசி ஓகாரத்தை மூக்கில் விட வேண்டும். கையேட்டில் அதற்குப் பின்னால் என்னும் எச்சும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக ஒலிக்க வேண்டாம், அவை மூக்கொலிக்கான அடையாளம் மட்டுமே. ‘வந்தான்’ என்பதை வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? னகரம் கரைந்து ஆகாரம் மூக்கில் ஏறிவிடும், அதே வித்தைதான். ஆனால் ‘நீன்’ (நான்), ‘ஜீமான்’ (படகு) போன்ற சொற்களில் கடைசி னகரத்தைக் கரைக்காதீர்கள். அங்கே நாக்கு மேலே தொட்டே ஆக வேண்டும்.

பாட்டியம்மாவின் ஊரைக் கேட்டு வையுங்கள். ஹியூரான் ஏரியில் இருக்கும் மானிட்டூலின் தீவுப் பக்கத்தவர் என்றால் குறில்களை விழுங்கிவிடுவார். தோல் காலணியை உங்கள் ஊர்ப் பக்கம் ‘மக்கிஸின்’ என்றால், அவர் ‘ம்க்கிஸின்’ என்பார். ‘இரண்டு’ நமக்கு ‘ரெண்டு’ ஆகவில்லையா? கேட்டுப் பழக, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ‘ஓஜிப்வே பீப்பிள்ஸ் டிக்‌ஷனரி’ இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அந்த மொழியில் பேசி வளர்ந்தவர்களின் குரலிலேயே சொற்களைக் கேட்கலாம். என் அனுபவத்தில் எழுத்தைப் பார்க்காமல் பத்து முறை கேட்டுவிட்டுப் பிறகு பார்ப்பதே நல்லது.

வேறு யாராவது உங்கள் வணக்கத்துக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னால் வருந்தாதீர்கள். கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறை அது. உங்கள் பாட்டியம்மா சிரித்திருக்கிறார் என்பது நல்ல சகுனம்.

பயிற்சிக்கு ஒரு இணை தருகிறேன். ‘அஜிகன்’ என்றால் காலுறை. ஜகரம் நான் முதலில் சொன்ன அதிரும் ஒலி. ‘அஷிகன்’ என்றால் ஏரியில் பிடிபடும் ஒரு வகை மீன். ஷகரத்தை அழுத்தி, அதிராமல் சொல்ல வேண்டும். நாளைக் காலை அவருக்குக் காலுறை மாட்டிவிடும்போது பெயரைச் சொல்லிப் பாருங்கள். மீனை மாட்டப் போகிறீர்கள் என்று அவர் காதில் விழுந்தால், இன்னொரு முறை சிரித்துவிட்டுத் திருத்திச் சொல்லித் தருவார்.